பன்னிரண்டு பேர் பங்கிட்டுக்கொண்ட குருவம்மாள்

அடுத்த வருஷத்துக் காலண்டரை இந்த வருஷம் முழுக்க அச்சடித்துக்கொண்டே இருப்பதால், இது எந்த மாதம் என்று கேட்டால் அத்திக்கரட்டு ஜனங்கள் நின்று யோசித்துத்தான் பதில் சொல்வார்கள். அந்த ஊரில் பெருமாள் காம்பவுண்டு என்று ஒன்று இருந்தது. நடுவில் முற்றம், முற்றத்தில் ஓர் அடிபம்பு, சுற்றிலும் எட்டு வீடுகள். சின்னப் பிள்ளைகளைச் சேர்க்காமல் எண்ணினால் பதின்மூன்று பேர்.

அந்தப் பதின்மூன்று பேரில் ஒருவர் ஏகாம்பரம். கலைவாணி அச்சகத்தில் ஆர்ட்டிஸ்ட். கல்யாணம் செய்துகொள்ளாதவர். தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கம் புதிர் போடுவது அவர் வேலை, அதைத் தவிர வேறு எதிலும் அவருக்குச் சந்தோஷம் கிடையாது. மூன்று தீக்குச்சியை மட்டும் நகர்த்தி மீனைத் திருப்பச் சொல்வார், தாளில் எட்டணாக் காசு அளவுக்கு ஓட்டை போட்டு, அதன் வழியாக ஒரு ரூபாய்க் காசைத் தாள் கிழியாமல் நுழைக்கச் சொல்வார், தாளை ஒருமுறை முறுக்கி ஒட்டிக் கொடுத்துவிட்டு இதற்கு எத்தனை பக்கம் என்று கேட்பார். யாராவது திணறினால் அவர் முகம் மலரும். யாராவது விடை சொல்லிவிட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது.

விடை சொல்கிறவள் அந்தக் காம்பவுண்டில் ஒருத்திதான், குருவம்மாள். அதே அச்சகத்தில் பாரம் மடிக்கிறவள். காலை எட்டு மணிக்குத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் சாயங்காலம் ஆறு மணிச் சங்கு ஊதும்வரை தாளை மடித்துக்கொண்டே இருப்பாள். அவள் புருஷன் சீனிராஜ் அங்கேயே கட்டிங் மெஷின் ஓட்டினான். ஐந்நூறு தாளை அடுக்கி வைத்து ஒரே வெட்டில் மயிரிழை பிசகாமல் நறுக்குகிற கை அவனுக்கு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏகாம்பரம் இவர்கள் இரண்டு பேரையும் முற்றத்தில் நிறுத்தினார். ஒரு கயிற்றின் இரண்டு முனைகளைச் சீனிராஜின் இரண்டு மணிக்கட்டுகளிலும், இன்னொரு கயிற்றை அவன் கயிற்றுக்குள் கோத்து அதன் முனைகளைக் குருவம்மாளின் மணிக்கட்டுகளிலும் கட்டினார். முடிச்சை அவிழ்க்கக் கூடாது, கயிற்றை அறுக்கக் கூடாது, இரண்டு பேரும் பிரிய வேண்டும். சீனிராஜ் கயிற்றைத் தாண்டினான், அவளைச் சுற்றி வந்தான், அவள் காலுக்கடியில் நுழைந்து மறுபக்கம் வந்தான். காம்பவுண்டே சிரித்தது. குருவம்மாள் மட்டும் அசையாமல் நின்று கயிற்றைப் பார்த்தாள்.

"ஏங்க, ஆடாம கையை நீட்டுங்க."

அவள் தன் கயிற்றின் நடுப்பகுதியை எடுத்து அவன் மணிக்கட்டு வளையத்துக்குள் நுழைத்து, அவன் கைக்கு மேலாகக் கழற்றி, மறுபக்கம் இழுத்தாள். இரண்டு பேரும் தனித்தனியாக நின்றார்கள்.

"உன்னைத் தவிர இங்க எவனுக்கும் மூளை கிடையாதும்மா" என்றார் ஏகாம்பரம். அன்று அவர் சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகுதான் ஒரு தேயிலைக் கம்பெனி, பொட்டலத்துக்குள் போட்டுக் கொடுக்க ஒரு புதிர் அட்டை வேண்டுமென்று அச்சகத்துக்கு ஆர்டர் கொடுத்தது. ஏகாம்பரம் ஒரு தாளில் பதின்மூன்று கோடுகளை வரிசையாக இழுத்து, குறுக்கே சாய்வாக வெட்டி, ஒரு துண்டை ஓர் இடம் தள்ளிவைத்து, குருவம்மாளிடம் நீட்டினார்.

"எண்ணு."

"பன்னெண்டு."

"பதின்மூணு இருந்துச்சே, ஒண்ணு எங்க போச்சு?"

அவள் தாள் மடிக்கிற கட்டையை ஒவ்வொரு கோட்டின் மேலும் வைத்து அளந்தாள். "எங்கயும் போகலை அண்ணாச்சி. மத்ததெல்லாம் கொஞ்சம் வளந்திருக்கு பாருங்க. ஆளுக்கு ஒரு வாயா அதைத் தின்னுருக்கு."

ஏகாம்பரம் வெறும் கோடு போதாது, மனுஷ உருவம் வேண்டும் என்று முடிவு செய்தார். காம்பவுண்டில் இருக்கும் ஆட்களையே சுவரோரம் வரிசையாக நிறுத்தினார். வீட்டுக்காரர் ஆறுமுகப்பெருமாள் தலைவாரிக்கொண்டு வந்து முதல் ஆளாக நின்றார். ஞானசவுந்தரி டீச்சர் நின்றார். போலீஸ் தேர்வில் மூன்று அங்குலம் உயரம் போதாமல் இரண்டுமுறை திரும்பி வந்த காசிராஜனும் அவன் அம்மா வெள்ளத்தாயும் நின்றார்கள். பெண் பார்க்க வந்தவர்களெல்லாம் 'குட்டையாக இருக்கிறாள்' என்று காப்பியைக் குடித்துவிட்டுப் போன ரெஜினா, தாய் தகப்பனோடு நின்றாள். சீனிராஜும் மிச்சப் பேரும் நின்றார்கள். ஏகாம்பரம் கண்ணாடியைப் பார்த்துத் தன்னையும் வரைந்துகொண்டார். குடத்தை நிரப்பிவிட்டு ஈரக்கையோடு கடைசியாக வந்த குருவம்மாள் வரிசையின் கோடியில் நின்றாள்.

அந்த அட்டையின் முதல் பிரதியைத் திங்கட்கிழமை பகல் பதினொரு மணிக்குச் சீனிராஜ் கட்டிங் மெஷினில் வைத்து வெட்டினான். ஏகாம்பரம் துண்டுகளை மேஜையில் போட்டுப் பதின்மூன்று என்று எண்ணினார், மேல் துண்டுகள் இரண்டையும் இடம் மாற்றிப் பன்னிரண்டு என்று எண்ணினார், கைதட்டிச் சிரித்தார். பக்கத்து ஹாலில் பாரம் மடித்துக்கொண்டிருந்த பெண்கள், குருவம்மாள் உட்கார்ந்திருந்த இடத்தில் பாதி மடித்த தாள் ஒன்று மெதுவாக விரிந்துகொள்வதைப் பார்த்தார்கள். மடிப்புக் கட்டை இன்னும் சூடாக இருந்தது. சீனிராஜ் மெஷினின் கைப்பிடியை எட்டிப் பிடிக்கப் போனவன், அது தன் நெஞ்சுக்கு நேராக வந்துவிட்டதையும், சட்டைக் கை முழங்கைக்கு ஏறிவிட்டதையும் பார்த்துக்கொண்டு நின்றான்.

அதே நேரத்தில் ஞானசவுந்தரி டீச்சர் கரும்பலகையின் நடுவில் எழுத ஆரம்பித்த வாக்கியத்தை, கையைத் தூக்காமலேயே பலகையின் உச்சியில் முடித்தார். ஆறுமுகப்பெருமாள் தன் வீட்டு நிலையில் தலையை இடித்துக்கொண்டார், அந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவர், அறுபது வருஷத்தில் முதல்தடவையாக. காசிராஜன் கட்டிலைவிட்டு எழுந்தான், எழுந்தான், இன்னும் எழுந்தான்.

சாயங்காலம் தையல்காரரின் இஞ்சி டேப்பைக் கொண்டுவந்து எல்லோரையும் அளந்தார்கள். ஆளுக்கு ஐந்து அங்குலம் கூடியிருந்தது. குருவம்மாள் ஐந்தடி. அறுபது அங்குலத்தைப் பன்னிரண்டு பேருக்குப் பிரித்தால் ஐந்து வரும் என்று டீச்சர் சொன்னார், சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

இரண்டு நாள் அழுதார்கள். மூன்றாம் நாள் பாவாடை ஓரங்களைப் பிரித்துவிட்டார்கள், கால்சட்டைகளுக்கு ஒட்டுப் போட்டார்கள், ஆறுமுகப்பெருமாள் ஆசாரியைக் கூப்பிட்டு எட்டு வீட்டு நிலைகளையும் உயர்த்தினார். மடிப்பு ஹாலில் அவள் இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்தாள். ரேஷன் அட்டையில் பெயரை எடுக்கப் போன இடத்தில் எழுத்தர் கேட்டார், "இறப்பா, இடமாற்றமா?"

"பிரிஞ்சுட்டா சார்" என்றான் சீனிராஜ்.

"விவாகரத்தா?"

"இல்ல சார். பன்னெண்டு பேருக்குள்ள."

எழுத்தர் கொஞ்சநேரம் பேனாவைக் கடித்துவிட்டு, 'பங்கீடு' என்று எழுதி முத்திரை குத்தினார்.

உயரம் மட்டும் பிரியவில்லை என்பது போகப்போகத்தான் தெரிந்தது. ஞானசவுந்தரி டீச்சருக்கு வலது காதின் கீழே குருவம்மாளின் மச்சம் வந்திருந்தது. ரெஜினாவின் பின்னல் ஒரே வாரத்தில் இடுப்புக்கு இறங்கியது, குருவம்மாளின் முடி போலவே நுனியில் லேசாகச் செம்பட்டையோடு. காசிராஜன் சிரித்தால் முடிவில் விக்கல்போல ஒரு சத்தம் வந்தது, அது அவள் சிரிப்பு. வெள்ளத்தாய் பல்லியைக் கண்டு அலற ஆரம்பித்தாள். ஆறுமுகப்பெருமாள் சட்டைப்பையில் பச்சரிசி வைத்து மென்றார். ஏகாம்பரத்துக்கு அவளுடைய மூளை வந்தது. அதுவரை பிறர் புத்தகத்தைப் பார்த்துப் புதிர் போட்டுக்கொண்டிருந்தவர், கயிற்றைப் பார்த்தவுடன் அது எங்கே அவிழும் என்று கண்டுகொண்டார், வடிவங்கள் அவர் கண்முன்னால் தாமாகவே வெட்டிக்கொண்டு தாமாகவே ஒட்டிக்கொண்டன. வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக அவர் இருந்ததில்லை.

சீனிராஜுக்கு அவளுடைய தோள்பட்டை வலி வந்தது. பதினைந்து வருஷம் தாள் மடித்த வலி. வலது தோளில் ஆரம்பித்து முதுகில் இறங்கி, இரண்டு விரல்களை மரத்துப்போகச் செய்தது. அவள் தினமும் அதைச் சொல்லியிருக்கிறாள், எண்ணெய் தேய்த்துவிடச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். வேலைக்குப் போகாமலிருக்கச் சொல்கிற சாக்கு என்று அவன் நினைத்திருந்தான். இப்போது சட்டையை மாட்டக்கூட முடியாமல் ஒற்றைக் கையால் தடவியபடி, "இம்புட்டு வலியாடி, இம்புட்டு வலியாடி" என்று சுவரைப் பார்த்துக் கேட்டான்.

பிறகு அவன் அவளைத் தேடிப் போக ஆரம்பித்தான். தூரம் அதிகமில்லை. டீச்சர் வீட்டு வாசலில் போய் நின்று, "டீச்சர், கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்புங்க" என்பான். அவர் முதலில் இரக்கப்பட்டுத் திரும்பினார். நாலாம் நாள் முக்காட்டைப் போட்டுக்கொண்டார். பல் விளக்குகிற காசிராஜனிடம் போய்ப் பழைய நகைச்சுவை ஒன்றைச் சொல்லுவான், அவன் சிரிக்கிறவரைக்கும் சொல்லுவான். ரெஜினா தலை உலர்த்தும்போது எதிரே வந்து உட்கார்ந்துவிடுவான், தொடமாட்டான், பேசமாட்டான். பார்த்துக்கொண்டே இருப்பான். ரெஜினாவின் தகப்பனார் கதவைச் சாத்துவார்.

ஒருநாள் ஏகாம்பரத்தின் கையைப் பிடித்துக்கொண்டான். "அண்ணாச்சி, துண்டைத் திருப்பி வையிங்க. திருப்பி வச்சா பதின்மூணு வரும்ல?"

"வரும்" என்றார் ஏகாம்பரம். "எல்லாரையும் ஒரு வார்த்தை கேக்கணும்லப்பா."

முற்றத்தில் கூடினார்கள். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை, அதுதான் சீனிராஜுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. காசிராஜன்தான் முதலில் பேசினான். "அக்கா வரட்டும்ணே, நான் தடுக்கலை. இந்த மாசக் கடைசில எனக்கு அளவெடுப்பு. அது முடியட்டும்."

"ரெஜினாவை நாளைக்குப் பாக்க வாராக" என்றாள் அவள் தாய். "கல்யாணம்வரைக்கும் பொறுத்துக்கிடுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"நிலையெல்லாம் இப்பத்தான் உயர்த்துனேன்" என்றார் ஆறுமுகப்பெருமாள், பச்சரிசியை மென்றுகொண்டே.

சீனிராஜ் கையெடுத்துக் கும்பிட்டுச் சரி என்றான்.

காசிராஜன் தேர்வானான். ரெஜினாவுக்குக் கல்யாணம் நடந்தது, அந்த முடியைப் பார்த்துத்தான் மாப்பிள்ளை சம்மதித்தான் என்று பேசிக்கொண்டார்கள். அவன் வீட்டில் இடமில்லாததால் ரெஜினா காம்பவுண்டிலேயே இருந்தாள், மாப்பிள்ளை சனிக்கிழமை தோறும் வந்துபோனான். சீனிராஜ் மறுபடி முற்றத்தில் நின்றான். இப்போது காசிராஜன் காக்கிச் சட்டையில் இருந்தான்.

"யோசிச்சுப் பாருங்கண்ணே. ரெண்டாவது அளவெடுப்பு வச்சான்னா வேலை போயிரும். எங்கம்மாவுக்கு யாரு கஞ்சி ஊத்துவா?"

"என் மகளை வாழாவெட்டியாக் கொண்டுவந்து விட்டுட்டுப் போயிருவாக" என்று அழுதாள் ரெஜினாவின் தாய். அந்த அழுகை உண்மையான அழுகை.

டீச்சர் மட்டும் தலைகுனிந்து சொன்னார். "சீனிராஜ், அவ எங்கயும் போகலையே. எங்கள்ட்டதான இருக்கா. நாங்க நல்லா வச்சிருக்கோம்ல."

"உங்கள்ட்ட மச்சம் இருக்கு டீச்சர்" என்றான் அவன். "எனக்கு அவ வேணும்."

அவன் கத்தவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவன் தன் வீட்டு வாசலில் உட்கார்ந்து, யார் கடந்துபோனாலும் அவர்களிடமிருக்கும் பங்கைப் பார்த்துப் பேச ஆரம்பித்தான். மச்சத்திடம் சாப்பிட்டாயா என்றான், முடியிடம் எண்ணெய் வைக்கவில்லையா என்றான், ஆறுமுகப்பெருமாளின் சட்டைப்பையைப் பார்த்து வயிறு வலிக்கும் போதும் என்றான். கட்டிங் மெஷினில் அவன் கை பிசகவில்லை, ஆனால் காம்பவுண்டில் யாருக்கும் நிம்மதியாக நடமாட முடியவில்லை. தங்கள் உடம்பிலேயே தாங்கள் குடியிருப்பவர்கள் மாதிரி உணர்ந்தார்கள், அதிலும் வாடகை பாக்கி வைத்தவர்கள் மாதிரி.

சீனிராஜ் வேலைக்குப் போயிருந்த ஒரு பகலில் மற்றவர்கள் ஏகாம்பரத்தின் வீட்டில் கூடினார்கள். என்ன பேசினார்கள் என்பதைப் பிற்பாடு யாரும் சொல்லவில்லை. ரெஜினாவின் தகப்பனார் கேட்ட ஒரே கேள்விதான் வெளியே கசிந்தது.

"அந்தப் புள்ள ஏன் போச்சு, மத்தவுக ஏன் போகலை?"

ஏகாம்பரம் கண்ணை மூடினார். குருவம்மாளின் மூளை அதைப் பார்த்தது, ஒரே பார்வையில் பார்த்தது, அது அவ்வளவு நல்ல மூளை. "கோடியில நின்னா" என்றார். "வெட்டு சாய்வா இறங்குது. முதல் ஆளுக்குத் தலையில கொஞ்சம், அடுத்த ஆளுக்கு இன்னுங் கொஞ்சம். கோடியில நிக்கிறவுகளுக்கு மொத்தமும்."

வெள்ளத்தாய் சுவரில் பல்லி இருக்கிறதா என்று பார்த்தாள்.

மறுநாள் ஏகாம்பரம் சீனிராஜிடம் வந்தார். "பழைய அட்டை உதவாதுப்பா. அப்ப இருந்த உயரம் வேற. இப்ப இருக்கிற மாதிரி பன்னெண்டு பேரையும் புதுசா வரையணும். அதை வெட்டி மாத்தி வச்சா பதின்மூணாகும்."

சீனிராஜ் அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டான்.

வரைகிற அன்று அவன் குளித்துச் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தான். எல்லோரும் சுவரோரம் ஏற்கெனவே நின்றிருந்தார்கள்.

"நீ கோடியில நில்லு சீனி" என்றார் ஏகாம்பரம். "அவ நின்ன இடம். வந்தா உன் பக்கத்துல வருவா."

அவன் போய் நின்றான். இடதுபக்கம் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டுவைத்தான். வரிசையில் அவனுக்கு அடுத்து நின்ற டீச்சர் திரும்பி அவனைப் பார்த்தார், பிறகு நேராகத் திரும்பிக்கொண்டார். ஏகாம்பரம் பென்சிலைத் தூக்கினார்.

அட்டை அச்சாகி வந்தபோது சீனிராஜ் மெஷினின் கத்தியைக் கழற்றிச் சாணை பிடித்துக்கொண்டு வந்தான். மேஜையைத் துடைத்தான். வெட்டுக்கோட்டைப் பென்சிலால் இழுத்து, அழித்து, மறுபடி இழுத்தான். வலது தோள் வலித்ததால் இடது கையால் அழுத்தினான். அந்த ஊரில் அதுவரை யாரும் அவ்வளவு துல்லியமாக ஒரு தாளை வெட்டியதில்லை என்று பக்கத்தில் நின்ற அச்சகத்து ஆட்கள் சொல்வார்கள். துண்டுகளை அவனே எடுத்து ஏகாம்பரத்தின் உள்ளங்கையில் வைத்தான்.

"மெதுவா வையிங்க அண்ணாச்சி. அவளுக்கு எங்கயும் இடிச்சிரக் கூடாது."

ஏகாம்பரம் துண்டுகளை இடம் மாற்றினார். அவர் எண்ணவில்லை.

சீனிராஜ் ஐந்தடி ஆறு அங்குலம் இருந்தான். பதினொரு பேருக்கு ஆளுக்கு ஆறு. ஆறுமுகப்பெருமாள் ஆசாரிக்குச் சொல்லி அனுப்பினார், இந்தமுறை நிலைகளைத் தாராளமாகவே உயர்த்தச் சொன்னார். காசிராஜனை ஊர்வலங்களில் முன்னால் நிறுத்தினார்கள். எழுத்தர் எதையும் கேட்காமல் 'பங்கீடு' என்று எழுதினார், அந்த முத்திரை அவருக்கு இப்போது தனியாகவே வந்திருந்தது. ஏனென்றால் ஊருக்குள் விஷயம் பரவி, ஏகாம்பரத்தின் வீட்டு முன்னால் குடும்பம் குடும்பமாக வரிசையில் நின்றார்கள். குட்டையான பையனை முன்னால் நிறுத்தி, படுத்த படுக்கையான மாமனாரைக் கட்டிலோடு தூக்கிவந்து கோடியில் போட்டார்கள், பேச்சு வராத கொழுந்தியாளைக் கைபிடித்து அழைத்துவந்து கோடியில் நிறுத்தித் தலைசீவிவிட்டார்கள், கோடிக்கு ஆள் கிடைக்காதவர்கள் வீட்டு வேலைக்கு என்று சொல்லித் தூரத்துச் சொந்தத்திலிருந்து ஆட்களைக் கூட்டிவந்தார்கள். அத்திக்கரட்டு ஜனங்கள் வருஷத்துக்கு வருஷம் உயர்ந்தார்கள், எண்ணிக்கையில் குறைந்தார்கள். பஸ்ஸில் வருகிறவர்கள் இந்த ஊர்த் தண்ணீருக்கே அப்படி என்று சொல்லிக்கொண்டார்கள்.

பெருமாள் காம்பவுண்டில் அந்தப் பதினொரு பேருக்கும் ஒரு பயம் இருந்தது. சீனிராஜின் தோள்வலியும் அவனுடைய ஏக்கமும் தங்களுக்குள் பிரிந்து வந்திருக்குமே, அதை எப்படித் தாங்குவது என்று முதல் வாரம் முழுக்க ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்தார்கள். பயந்த அளவுக்கு எதுவும் இல்லை. வலி பதினொன்றாகப் பிரிந்து, கொசு கடித்த அளவுக்குக்கூட இல்லாமல் போயிற்று. ஏக்கம் சாயங்காலம் ஆறு மணிக்கு அச்சகத்துச் சங்கு ஊதும்போது மட்டும் வந்தது. அப்போது பதினொரு பேரும் அவரவர் வீட்டில் செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்தி, காம்பவுண்டுக் கதவைப் பார்த்தார்கள். ஒரு வாய்ச் சோற்றை விழுங்குகிற நேரம் பார்த்தார்கள். பிறகு வெள்ளத்தாய் மகனிடம் இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றட்டுமா என்று கேட்டாள், அவன் ஊற்றச் சொல்லித் தட்டை நீட்டினான்.